பிரித்து வந்த பழைய மர மிஷின்: எதைப் பார்த்து வாங்குவது, எந்த வரிசையில் பூட்டுவது

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் மூடப்போகிற ஒரு தச்சுப் பட்டறையில் ஆல் இன் ஒன் மர மிஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பாதி பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நட்டு, போல்ட் எல்லாம் இரண்டு சாக்கில் கிடக்கிறது. நீங்கள் முன்பணம் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கோத்தகிரிக்கு ஏற்றி உங்கள் ஷெட்டில் நீங்களே பூட்ட முடியுமா, மீதிப் பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் இருக்கும் சிங்கிள் பேஸ் லைனில் ஓடுமா என்று கேட்டீர்கள்.

பூட்ட முடியும். நான் குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரியில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது மர வேலை செய்கிறேன். இந்த வகை மிஷின் இதுவரை ஆறு பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அதில் ஒன்று நான் ஏமாந்து வாங்கியது. அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த மிஷினில் இழைப்பு, திக்னஸ் (பலகையை ஒரே தடிமனுக்குச் சீவுவது), ரம்பம், துளை என்று நாலைந்து வேலை இருந்தாலும் நடுவில் கிடக்கிற கட்டர் பிளாக்தான், அதாவது கத்திகள் பூட்டிச் சுற்றுகிற கட்டைதான் ஆதாரம். அது மட்டும்தான் மேலே கீழே நகராது. மரத்தை உள்ளே தள்ளும் பக்கத்து முன் டேபிள், இழைத்த மரம் வெளியே வரும் பக்கத்துப் பின் டேபிள், மரத்தை ஒட்டிப் பிடித்துத் தள்ளும் கைடு, திக்னஸ் டேபிள் எல்லாமே அதைப் பார்த்துத்தான் அளவு வைக்கப்படும். பல மாடல்களில் ரம்பமே அந்த ஷாஃப்ட்டின் நுனியில்தான் மாட்டும். அதனால் வாங்கும்போது அதைச் சுற்றித்தான் பார்வை இருக்க வேண்டும், பூட்டும்போதும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நிறைய பேர் டேபிளைப் பளபளப்பாக்கி மேலே ஏற்றிவிட்டு, பிறகு பேரிங் சத்தம் கேட்டு எல்லாவற்றையும் மறுபடி இறக்குகிறார்கள்.

இந்த மிஷினில் சரிசெய்ய முடியாதது, அல்லது சரிசெய்தாலும் கட்டுப்படியாகாதது மூன்று. வார்ப்பில் விரிசல், கட்டர் பிளாக் ஷாஃப்ட்டில் தேய்மானம், காணாமல் போன வார்ப்புப் பாகங்கள். மற்றதெல்லாம் கோயம்புத்தூரில் கடையில் கிடைக்கும்.

விரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான். நான் முதலில் வாங்கிய மிஷின் புதுப் பச்சைப் பெயிண்டில் அழகாக இருந்தது. விற்றவர் மோட்டாரைப் போட்டுக் காட்டினார், சத்தமில்லாமல் ஓடியது. மூன்றாவது மாதம் ஈரமான கற்பூர மரத்துண்டு (யூகலிப்டஸ்) ஒன்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது முன் டேபிளின் ஒரு மூலை திடீரென்று இறங்கியது. கத்தி மரத்தைக் கவ்வி என் பக்கமே எறிந்தது. நல்லவேளை, நான் நேர் பின்னால் நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தால் டேபிள் சறுக்கி ஏறும் தடத்தின் அடியில் பழைய விரிசல். அதில் பட்டி தடவி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்த மிஷினை இரும்பு விலைக்குத்தான் கொடுக்க வேண்டி வந்தது.

அதனால் நீங்கள் போகும்போது ஒரு கம்பி பிரஷ், அரை லிட்டர் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ் டப்பா எடுத்துப் போங்கள். டேபிள் ஏறி இறங்குகிற சரிவுத் தடம், பேரிங் உட்காரும் கூடு, அடிப்பாகத்தின் நான்கு மூலை, இந்த இடங்களில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். பிறகு துணியால் ஒட்டத் துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளைத் தூளின் மேல் முடி தடிமனுக்கு ஒரு கறுத்த கோடு தெரியும். டேபிளைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல வார்ப்பு மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், விரிசல் விட்டது தட்டென்று அடங்கிவிடும். இரண்டையும் செய்யுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். டேபிளின் தடத்திலோ பேரிங் கூட்டிலோ கோடு தெரிந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்துவிடுங்கள். கைடு பிராக்கெட், ஹேண்ட்வீல் மாதிரி இடங்களில் விரிசல் என்றால் பித்தளை வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டேபிள் மட்டம். நேர் பார்ப்பதற்கான நல்ல ஸ்டீல் பட்டை, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்பார்கள், மூன்றடியில் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை இந்த வேலைக்கு ஆகாது. இரவல் வாங்கியது நேர்தானா என்று தெரிய, ஒரு பிளைவுட்டில் அதை வைத்துக் கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, அப்படியே மறுபக்கம் புரட்டி அதே இரண்டு முனைகள் வழியே இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாகப் படுத்தால் நேர். நடுவில் இடைவெளி விரிந்தால் அதில் பாதி உங்கள் ஸ்ட்ரெய்ட் எட்ஜின் வளைவு.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், அதாவது ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஜெராக்ஸ் எடுக்கிற சாதாரண ஏ4 தாளைப் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். ஸ்ட்ரெய்ட் எட்ஜை டேபிளின் நீளவாட்டில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து அடியில் தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் இறுக்கமாகப் போனால் கவலையே வேண்டாம். இரண்டு தாள் போனால் கதவு, ஜன்னல் வேலைக்கு ஓட்டலாம். மூன்று, நான்கு என்றால் மிஷினில் முகத்தை மட்டமாகத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். அதற்குக் கோயம்புத்தூரில் ஆள் உண்டு, ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். நீளம் மட்டமாக இருந்தும் டேபிள் முறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க, ஒரே அகலத்தில் இரண்டு நேரான ரீப்பரை டேபிளின் இரு முனையிலும் குறுக்காக வைத்துவிட்டு, குனிந்து ஒரு கண்ணால் ஒன்றின் மேல்விளிம்பை மற்றதோடு சேர்த்துப் பாருங்கள். முறுக்கல் இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இப்போது கட்டர் பிளாக். நான்கு பட்டையாக, சதுரமாக இருந்து கத்தியை வெளியே வைத்து போல்ட் போட்டிருந்தால் அது பழைய மாதிரி, வாங்காதீர்கள். சதுர பிளாக் சுற்றும்போது டேபிள் விளிம்புக்கும் அதற்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டாகும். விரல் போனால் ஆழமாகப் போகும். உருளையாக இருந்து கத்தி உள்ளே புதைந்து ஆப்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருந்தால் சரி. அந்த ஆப்பு போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒரு மரை உருண்டிருந்தாலும் அந்தக் கத்தியை நம்ப முடியாது.

ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பேரிங் நல்லபடி இறுகி இருந்தால் அந்த இடம் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றியிருந்தால் அங்கே பளபளவென்று தேய்ந்த வளையமோ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ தெரியும். சிலர் அந்த இடத்தில் சென்டர் பஞ்ச்சால் சுற்றிலும் புள்ளி புள்ளியாக அடித்து, உலோகத்தைப் பிதுக்கி, பேரிங்கை இறுக்கமாக்கிவிடுவார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் வேறு மிஷின் தேடுங்கள். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற ஷாஃப்ட்டில் அது சில வாரத்தில் தளர்ந்துவிடும். வெல்டு வைத்துக் கடைந்த ஷாஃப்ட்டையும் நான் கட்டர் பிளாக்குக்கு ஒப்புக்கொள்வதில்லை.

பேரிங் போயிருந்தால் பயப்படாதீர்கள், அது நல்லதாக இருந்தாலும் மாற்றத்தான் போகிறீர்கள். நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். மரத்தூள் புகுகிற இடம் என்பதால் இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். பெட்டியின் முத்திரையைப் பார்த்து நம்பகமான டீலரிடம் வாங்குங்கள், போலி நிறைய வருகிறது.

மோட்டாரில் ஒன்றே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். தகட்டில் சுற்று எவ்வளவு என்று இருக்கும். இந்த மிஷின்களுக்கு வழக்கமாக 1440 சுற்று மோட்டார். மோட்டாரில் 8 இஞ்ச் புல்லி, பிளாக்கில் இரண்டரை இஞ்ச் புல்லி என்றால் 1440-ஐ 8-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 4,600 சுற்று வரும், அது சரியான வேகம். பழைய மிஷினில் மோட்டார் எரிந்துபோய், கையில் கிடைத்த 2880 சுற்று மோட்டாரைப் புல்லி மாற்றாமல் போட்டிருப்பார்கள். அப்போது பிளாக் 9,200 சுற்றுக்குப் போகும். கத்தி பிளாக்கை விட்டுப் பறக்கிற வேகம் அது. புல்லிகளை ஸ்கேலால் அளந்து அங்கேயே கணக்குப் போடுங்கள். ரம்பத் தகட்டின் மேலும் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அதுவும் இந்த எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும்.

காணாமல் போன பாகங்களுக்கு வருவோம். அதே மாடல் ஓடுகிற இடம் ஏதாவது இருந்தால் போய் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, அதை வைத்துச் சாக்கைக் கொட்டிச் சரிபாருங்கள். கைடு பிராக்கெட், திக்னஸ் ரோலரின் பல்சக்கரம், டேபிள் ஏற்றும் ஸ்க்ரூ, பேரிங் மூடி, இவை இல்லாவிட்டால் வார்த்துக் கடைந்துதான் செய்ய வேண்டும். பஞ்சாபின் பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட் பக்கம் வார்த்த மிஷின்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் பாகம் மற்றதில் சேராது. ரம்பத்துக்குப் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிளவுக் கத்தியும் மேல்மூடியும் பாதிக்கு மேற்பட்ட பழைய மிஷின்களில் கழற்றி எறியப்பட்டிருக்கும். அவற்றை நீங்களே செய்துகொள்ளலாம், செய்யாமல் ரம்பத்தை ஓட்டாதீர்கள்.

மிச்சத்தையும் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று சேரும் இரண்டு பாகத்திலும் பஞ்ச்சால் ஒரே அடையாளம் வையுங்கள். முன் டேபிளுக்கும் அதன் தடத்துக்கும் ஒரு புள்ளி, பின் டேபிளுக்கு இரண்டு புள்ளி, இப்படி. தகட்டுத் துண்டோ தாளோ இடையில் சொருகியிருந்தால் அதைத் தூக்கி எறியாமல் எந்த போல்ட்டுக்கு அடியில் இருந்தது என்று எழுதி அதே இடத்தின் போல்ட்டோடு கவரில் போடுங்கள். பழைய மிஷினில் நாலு நூல் போல்ட்டும் 12 மில்லிமீட்டர் போல்ட்டும் கலந்து கிடக்கும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நாலு நூல் என்பது 12.7 மில்லிமீட்டர், மரையும் வேறு. இரண்டு சுற்றுக்கு மேல் கையால் போகவில்லையென்றால் அது அந்த ஓட்டைக்கு உரியதல்ல. ஸ்பானர் போட்டு முறுக்கினால் வார்ப்பில் மரை உருண்டுவிடும்.

வண்டியில் ஏற்றும்போது டேபிளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அடிப்பாகத்துக்குக் கீழே கயிறு கொடுங்கள். டேபிள் இரண்டையும் கழற்றி, முகத்தோடு முகம் வைத்து நடுவில் சாக்கு போட்டுக் கட்டுங்கள். கட்டர் பிளாக்கைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வண்டிக்குள்ளே வையுங்கள். கொண்டை ஊசி வளைவில் சாய்ந்தால் இந்த மிஷினுக்கு மேல் பாரம் அதிகம், அதனால் அடிப்பாகத்தை கேபின் பக்கம் ஒட்டி நிற்கவைத்து நான்கு பக்கமும் கட்டை அடியுங்கள்.

துருவுக்கு ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சின்னப் பாகங்களைப் புளிக்கரைசலிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரிலோ ஓரிரவு ஊறவைத்துக் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள். டேபிளை மட்டும் அப்படி ஊறப்போட வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு, மட்டமான மரக்கட்டையில் சுற்றிய 320 எமரித்தாளால் நீளவாட்டில் தேயுங்கள். கிரைண்டரில் டிஸ்க் போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

இனிப் பூட்டுவது. தளம் நாலு இஞ்ச் கான்கிரீட்டாவது இருக்க வேண்டும். அடிப்பாகத்தை வைத்து ரசமட்டம் போட்டு, எந்தக் கால் தொங்குகிறதோ அதன் கீழ் தகடு சொருகி நான்கு காலும் உட்கார்ந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள். தொங்குகிற காலை போல்ட்டால் இழுத்து இறக்கினால் வார்ப்பே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மேலே டேபிளை எவ்வளவு சரிசெய்தாலும் மட்டம் வராது.

பிறகு கட்டர் பிளாக். பேரிங்கை எண்ணெயில் வைத்து 90 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் ஷாஃப்ட்டில் வழுக்கி இறங்கும். ரப்பர் சீல் உள்ளதை எண்ணெயில் போடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். அதற்கு 100 வாட் பல்பின் மேல் அரைமணி நேரம் வைத்தால் போதும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் உள்வளையத்தில் மட்டும் படும்படி குழாய் வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் ஓர் அடி விழுந்தாலும் குண்டுகளின் தடம் பதிந்து, ஓடும்போது கரகரவென்று சத்தம் வரும். கூட்டில் உட்காரவைத்து மூடியை இறுக்கிய பின் விரலால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி, தானாக மெதுவாக நிற்க வேண்டும். முள் ஆடி நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் கிடைத்தால் பிளாக்கின் மேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள், முள் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் டீ ஃபேக்டரிக்கு சிடிசி ரோலர் (தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் உருளை) கூர் போடும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. நுணுக்கமாக அளந்து பழகியவர்கள், பிளாக்கை எடுத்துப் போனால் பார்த்துச் சொல்வார்கள்.

அதன் பிறகுதான் டேபிள். முதலில் பின் டேபிளை ஏற்றி, அதன் விளிம்பு பிளாக்குக்கு இணையாக இருக்கிறதா என்று இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் தாள் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு தாள், மறுபக்கம் மூன்று தாள் என்று வந்தால் தடத்தின் இறுக்குப் பட்டையில் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். எனக்கு ஒரு மிஷினில் இந்த ஒரு வேலைக்கே ஒன்றரை நாள் போனது. அடுத்து முன் டேபிளைப் பின் டேபிள் உயரத்துக்கு ஏற்றி, ஸ்ட்ரெய்ட் எட்ஜை இரண்டின் மேலும் சேர்த்து வையுங்கள். நடுவில் தாள் போனால் டேபிள் இரண்டும் வெளிப்புறம் ஏறி நிற்கிறது, கடைசி முனையில் போனால் தொங்குகிறது. டேபிள் முனை தொங்கினால் இழைத்த பலகையின் நடு பள்ளமாகும், ஏறியிருந்தால் நடு உயர்ந்து நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் இரண்டு பலகை ஒட்டாததற்கு ஆளைக் குறை சொல்வார்கள், காரணம் இந்த டேபிளாகத்தான் இருக்கும்.

கத்தி வைப்பதற்கு மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். எதிரெதிர்க் கத்திகள் ஒரே எடை இருக்க வேண்டும், தபால் தராசோ நகைத் தராசோ கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள். கத்தி பிளாக்குக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் நீண்டால் போதும். காய்ந்த, நேரான மரக்குச்சி ஒன்றில் ஒரு பென்சில் கோடு போட்டு, கோடு பின் டேபிளின் விளிம்பில் நிற்கும்படி குச்சியைப் பிளாக்குக்கு மேல் நீட்டி வையுங்கள். பிளாக்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கத்தியின் நுனி குச்சியைத் தொட்டு மூன்று மில்லிமீட்டர் அளவு இழுத்துப்போய் விட்டுவிட வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் அதே அளவு. எல்லாக் கத்திக்கும் அதே அளவு. குச்சி நகரவே இல்லையென்றால் கத்தி கீழே இருக்கிறது, ஆறேழு மில்லிமீட்டர் போனால் மேலே இருக்கிறது. ஆப்பு போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்காமல் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி மூன்று தடவையாக இறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் குச்சியை வைத்துப் பாருங்கள், இறுக்கும்போது கத்தி கொஞ்சம் ஏறும்.

திக்னஸில் உள்ளே இழுக்கும் ரோலர், கத்தி சுற்றும் வட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கீழேயும், வெளியே தள்ளும் ரோலர் அரை மில்லிமீட்டர் கீழேயும் இருக்கட்டும். மரம் பின்னால் எகிறாமல் தடுக்கும் நகங்கள் ஒவ்வொன்றும் தானாக விழுகிறதா என்று விரலால் தூக்கிவிட்டுப் பாருங்கள். பிசின் பிடித்து மேலேயே நின்றால் டர்பன்டைனில் கழுவ வேண்டும்.

ரம்பம் மாட்டும் நட்டு இடது மரையாக இருக்கலாம், எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் நீளக் குழாய் போட்டு முறுக்காதீர்கள். பிளவுக் கத்தி ரம்பத் தகட்டைவிடத் தடிமனாகவும், ரம்பம் அறுக்கிற பிளவைவிட மெலிதாகவும், பல்லிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள்ளும் நிற்க வேண்டும். புல்லி இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலை இழுத்து இரண்டின் முகத்திலும் ஒட்டிப் பிடித்தால் போதும், நான்கு இடத்திலும் தொட வேண்டும். பெல்ட் இரண்டு ஓடுகிற இடத்தில் ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

இப்போது உங்கள் சிங்கிள் பேஸ் கேள்வி. 3 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போதே 15 ஆம்பியர் அளவில் இழுக்கும், ஆரம்பிக்கும்போது அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு. மலையில் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்டேஜ் இறங்குவது உங்களுக்கே தெரியும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் முறுக்கு விசை ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடும், ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. கத்தி மரத்தில் நிற்கும், மோட்டார் சுடும், கெபாசிட்டர் வெடிக்கும். தொழிலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் த்ரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவதும் விதிப்படி கூடாது. அதுவரை 2 எச்பி வைத்து, மெலிதாகச் சீவி ஓட்டலாம்.

உயரத்தில் மோட்டார் சூடாகும் என்று யாரோ சொன்னதாகக் கேட்டீர்கள். அதில் உண்மை உண்டு. சாதாரண மோட்டாரை 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி சுற்றுச்சூடு என்ற கணக்கில்தான் செய்கிறார்கள். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், காற்று மெலிது, குளிர்விப்பது குறையும். ஆனால் நம் ஊரில் 40 டிகிரி எங்கே வருகிறது? அந்தக் குளிர் இந்தக் குறையை ஈடுகட்டி மீதமும் வைக்கும். அதற்காகப் பெரிய மோட்டார் வாங்க வேண்டாம்.

ஸ்டார்ட்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக மிஷின் ஓடக் கூடாது, பச்சை பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். காற்றுக் காலத்தில் மரம் விழுந்து லைன் போய்ப் போய் வருகிற ஊர் நம்முடையது. சாதாரண சுவிட்ச் போட்டு வைத்து, கரண்ட் இல்லாத நேரத்தில் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் தட்டிவிட்டு, சுற்றும் திசை பாருங்கள். த்ரீ பேஸ் என்றால் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் திசை திரும்பும். பெல்ட் போட்டபின் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆப்பு போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். இதைத் தவறவிடவே கூடாது. அப்புறம் பத்து நிமிடம் ஓடட்டும். பேரிங் கூட்டின் மேல் கை வைத்தால் பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும். பழைய தடிமனான 5 ரூபாய் நாணயத்தை டேபிளின் கடைசி ஓரத்தில் விளிம்பில் நிறுத்தினால் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் கத்தி எடையிலோ புல்லியிலோ கோளாறு.

மலையில் குளிருக்கு மஃப்ளரும் சால்வையும் கையுறையும் போட்டுக்கொண்டே வேலைக்கு நிற்கிற பழக்கம் இருக்கிறது. இந்த மிஷின் முன்னால் மூன்றும் கூடாது. ஸ்வெட்டர் என்றால் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருக்கட்டும்.

முதலில் காய்ந்த சில்வர் ஓக் துண்டில் பாருங்கள், மென்மையாகச் சீவும், கத்தியின் பல் அடையாளம் இருந்தால் தெளிவாகத் தெரியும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், மாஸ்க்கும் முழுக்கால் சட்டையும் போடுங்கள். கற்பூர மரத்தை டேபிள் எல்லாம் சரியென்று தெரிந்தபிறகு தொடுங்கள், அதன் நார் பின்னிப் பின்னி ஓடும்.

கடைசியாகப் பனிமூட்டம். இரவு முழுக்கக் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டால் டேபிள் வியர்க்கும், இரண்டே நாளில் செம்பழுப்புப் படலம் பிடிக்கும். கோத்தகிரியில் தேன்மெழுகு சுலபமாகக் கிடைக்கிறது. அதைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்து வாரம் ஒருமுறை டேபிளில் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள், மரமும் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் இரவில் டேபிள் அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். இரும்பு காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தாலே வியர்வை வராது. பல்பைப் போடும் முன் அடியில் கிடக்கும் தூளையும் சீவலையும் முழுக்கப் பெருக்கி எடுத்துவிட்டு, பல்புக்குக் கம்பிக்கூண்டு போட்டுத் தொங்கவிடுங்கள்.

போய்ப் பார்த்துவிட்டு பேரிங் நம்பர், இரண்டு புல்லியின் அளவு, மோட்டார் தகட்டின் போட்டோ மூன்றையும் அனுப்புங்கள். பேரிங் கழற்றும் புல்லரும் டயல் கேஜும் என்னிடம் இருக்கின்றன, குன்னூர் வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.